முதல்ல கேள்விய சொல்லு, டெஸ்ட்ட அப்புறம் பாத்துக்கலாம்

ஏப்ரல் வந்தா போதும், வேலூர் வெயிலோட சேந்து எம்.எஸ்சி ஸ்டேட்டிஸ்டிக்ஸ் பசங்க மெசேஜும் ஆரம்பிச்சிடும். "அண்ணா, தீசிஸுக்கு கொஸ்டினேர் ஃபில் பண்ணி வாங்கிட்டேன், இதுக்கு கை ஸ்கொயர் டெஸ்ட் போடலாமா அனோவா டெஸ்ட் போடலாமா?" நான் திருப்பி கேக்கறது ஒன்னே ஒன்னுதான், உனக்கு இன்னா தெரிஞ்சாகணும்? அதுக்கு மட்டும் பதில் வராது. பத்திரிகை அடிச்சிட்டு பொண்ணு தேடற மாதிரி, டேட்டாவ கைல வச்சிக்கினு கேள்விய தேடறாங்க.

பசங்கள மட்டும் சொல்லக்கூடாது, பக்கம் குறையுதுன்னு சொல்ற கைடுங்களும் இருக்காங்க. அதனாலதான் பாதி தீசிஸ் மீன், மீடியன், மோடுக்கு டெஃபனிஷன் எழுதியே போயிடுது. டேட்டா எங்கருந்து வந்துச்சு, இந்த மாடல் ஏன்னு கேட்டா ரெண்டு பாரா. கடைசில p வேல்யூ (உண்மைல ஒரு வித்தியாசமும் இல்லன்னாலும் தற்செயலாவே இந்த மாதிரி ரிசல்ட் வர சான்ஸ்) 0.05க்கு கீழ வந்துடுச்சுன்னா மொத்த தீசிஸும் ஜெயிச்சிடுச்சுன்னு ஒரு சந்தோஷம். அந்த 0.05 ஸ்டேட்டிஸ்டிக்ஸ் மேதை ஃபிஷர் 1925ல வசதிக்காக போட்ட கோடு. அத தாண்டுச்சா இல்லையான்னு மட்டும் பாத்து முடிவு எடுக்காதீங்கன்னு 2016ல அமெரிக்க ஸ்டேட்டிஸ்டிக்கல் அசோசியேஷனே அறிக்கை விட்டாச்சு, நம்ம ஊரு வைவால இன்னும் அதான் முதல் கேள்வி.

கேள்விக்கு எங்க போறதுன்னு கேக்கறீங்களா, பாலாத்துக்கு போங்க. வருஷம் பூரா மணலா கெடக்கற ஆறு 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடுச்சு, பாலத்து மேல நின்னு செல்பி எடுக்காதவங்களே இல்ல. அப்போ டீக்கடைல எல்லாரும் சொன்னது "இது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர வெள்ளம்பா, இனிமே நம்ம பேரன் காலத்துலதான்". இங்கதான் ப்ராபபிலிட்டி ஆரம்பிக்குது. நூறு வருஷத்துக்கு ஒருக்கான்னா ஒவ்வொரு வருஷமும் 1 சதவீதம் சான்ஸ்னு அர்த்தம், போன வருஷம் வந்துச்சுன்னு இந்த வருஷம் லீவு விடாது. 30 வருஷ லோன் போட்டு ஆத்தோரமா வீடு கட்டறவனுக்கு, லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவயாவது அந்த வெள்ளம் வர சான்ஸ் 26 சதவீதம். நூறு வருஷத்துக்கே கணக்கு போட்டாலும் 63தான் வரும், 100 வராது. கால்குலேட்டர்ல 0.99ஐ 30 தடவ பெருக்கி ஒன்னுலருந்து கழிச்சு பாருங்க.

இத வச்சே ஒரு நல்ல தீசிஸ் பண்ணலாம். ஆத்து தண்ணி கணக்கு எடுத்தா கர்நாடகா, ஆந்திரா தடுப்பணைன்னு விஷயம் எங்கயோ போயிடும், அதனால மழைய மட்டும் எடுத்துக்கங்க. ஒவ்வொரு வருஷத்துலயும் ஒரே நாள்ல பேஞ்ச அதிகபட்ச மழை எவ்ளோ. 50 வருஷ டேட்டான்னா பதினெட்டாயிரம் நாள் இருக்கும், ஆனா கடைசில கைல நிக்கறது வெறும் 50 நம்பர். இதுக்கு நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் (நடுல குவிஞ்சு ரெண்டு பக்கமும் சட்டுனு இறங்கற மணி வடிவ கோடு) போட்டா பெரிய மழைய கம்மியா காட்டிடும். 1928ல ஃபிஷரும் டிப்பெட்டும் மேக்ஸிமத்துக்குன்னே மூணு வகை டிஸ்ட்ரிபியூஷன்தான் வரும்னு காட்டுனாங்க, கும்பெல், ஃப்ரெஷே, வைபுல், மூணையும் சேத்து ஜி.இ.வி. (ஜெனரலைஸ்டு எக்ஸ்ட்ரீம் வேல்யூ)ன்னு சொல்றோம். அத நம்ம டேட்டாவுக்கு ஃபிட் பண்றது ஆர்ங்கற (R) ஸ்டேட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர்ல ஒரு லைன் கோட், அதுல ஒரு பெருமையும் இல்ல.

பெருமை எங்கன்னா, ஃபிஷர்-டிப்பெட்டோட அந்த தியரம் "எல்லா நாளும் ஒரே டிஸ்ட்ரிபியூஷன்"னு நம்பிதான் நிக்குது. நம்ம ஊர்ல அப்படியா? ஆகஸ்ட்ல சாயந்தரம் இடி இடிச்சு கொட்டற மழையும், நவம்பர்ல புயல் வந்து விடாம பெய்யற மழையும் ஒரே சாதியா? ஒரு வருஷத்தோட மேக்ஸிமம் தென்மேற்குலருந்து வந்திருக்கும், அடுத்த வருஷத்தோடது வடகிழக்குலருந்து. ரெண்டையும் ஒரே மூட்டைல கட்டாம தனித்தனியா ஃபிட் பண்ணி, அப்புறம் சேத்து பாத்தா நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர மழையோட அளவு எவ்ளோ மாறுதுன்னு காட்டினாலே ஒரு முழு சாப்டர். அதோட கான்ஃபிடன்ஸ் இன்டர்வலயும் (நம்ம கணக்கு எந்த அளவுலருந்து எந்த அளவு வரைக்கும் தப்பலாம்ங்கற வரம்பு) மறைக்காம போடுங்க, அசிங்கமா அகலமாதான் வரும், 50 நம்பர வச்சிக்கினு நூறு வருஷத்த சொன்னா வேற எப்படி வரும். அத பாத்து சிரிக்கற எக்ஸாமினர் கிட்ட தைரியமா பேசலாம்.

எம்.எஸ்சிக்கு புது தியரம் யாரும் கேக்கல. அபூர்வமா நடக்கற விஷயங்களோட ப்ராபபிலிட்டி எவ்ளோ வேகமா குறையும்ங்கறத ஒரே தியரியா கட்டுனதுக்கு 2007ல ஏபெல் பரிசு வாங்குனாரே எஸ்.ஆர்.எஸ். வரதன், சென்னைக்காரர்தான், அதெல்லாம் அவர் லெவல். நமக்கு ஒரு மாடல், ஒரு ஊரு, அந்த மாடல் எங்க பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சா போதும்.

டேட்டாவுக்கு இந்திய வானிலை துறையோட புனே சைட்ல 1901லருந்து தினசரி மழை கட்டம் கட்டமா இருக்கு, ஃப்ரீதான். ஆனா அது அக்கம்பக்கத்து ஸ்டேஷன வச்சு கணக்கு போட்டு நிரப்புன நம்பர், உச்ச மழைய கொஞ்சம் மழுங்கடிச்சிருக்கும், அதயும் தீசிஸ்ல எழுதுங்க. ஃபிட் பண்ண ஆர்ல எக்ஸ்ட்ரீம்ஸ்னு பேக்கேஜ் இருக்கு, அதுவும் ஃப்ரீ. ப்ராஜெக்ட் சென்டர்ல ஆயிரக்கணக்குல கேட்டா குடுத்துடாதீங்க, பைண்டிங்குக்கு மட்டும் காசு எடுத்து வைங்க.