சம்பளம் மட்டும் காரணம் இல்லங்க

இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் போர்ட்ஸ்மவுத் கடன்ல கவுந்ததுக்கு ப்ளேயர்ஸ் சம்பளம்தான் காரணம்னு கட்டுரைல ஒரே வரில முடிச்சுட்டீங்க, அது பாதி உண்மைதான். 2008ல எஃப்ஏ கப் ஜெயிச்ச டீம் அது, 2010 பிப்ரவரில அட்மினிஸ்ட்ரேஷனுக்கு (கடன அடைக்க முடியாம நிர்வாகத்த வெளியாள் கைல குடுக்குறது) போயிடுச்சு, டாப் டிவிஷனான பிரீமியர் லீக்ல இருக்கும்போதே அப்படி போன மொத கிளப் இவங்கதான், அதுக்கு தண்டனையா லீக்ல 9 பாயிண்ட் கட் பண்ணாங்க, கடைசில கீழ் டிவிஷனுக்கு இறங்கிட்டாங்க. அந்த ஒரு சீசன்லயே நாலு ஓனர்! சட்டை மாத்துற மாதிரி மாத்துனா யாரு கணக்கு பாப்பா?

எனக்கு வயிறு எரியுறது கடன் லிஸ்ட் பாத்துதான். கிரவுண்ட்ல யாராச்சும் மயங்கி விழுந்தா ஓடி வர்ற செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கு கூட பாக்கி வெச்சிருந்தாங்க, மூவாயிரம் பவுண்டு கூட இல்ல அது. ஆனா ஃபுட்பால் கிரெடிட்டர்ஸ் ரூல்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுபடி ப்ளேயர்ஸுக்கும் மத்த கிளப்புகளுக்கும் முழுசா செட்டில் பண்ணியே ஆகணும், அப்போ டேக்ஸ் டிபார்ட்மென்ட், சின்ன வியாபாரிங்க எல்லாம் மிச்சம் மீதிய பிரிச்சுக்க வேண்டியிருந்துச்சு. இந்த ரூல எதிர்த்து டேக்ஸ்காரங்க கோர்ட்டுக்கு போயி 2012ல தோத்தும் போனாங்க.

லீட்ஸ்னு இன்னொரு இங்கிலாந்து கிளப் கதையும் இதே ரகம்தான், ஐரோப்பாவோட பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் பணம் வரும்னு நம்பி கடன வாங்கி குவிச்சாங்க, ஆபீஸ்ல வாடகைக்கு தங்கமீன் வேற (சிரிக்காதீங்க, நெசம்தான்).

2012ல போர்ட்ஸ்மவுத் மறுபடியும் அட்மினிஸ்ட்ரேஷன், இன்னொரு 10 பாயிண்ட் போச்சு. 2013ல ரசிகர்களே காசு போட்டு கிளப்ப வாங்குனாங்க, கட்டுரைல அதப் பத்தி ஒரு வார்த்தை கூட காணோமே?