ஆறு ஆட்டுக்கு ஒரு வாத்துக் கழுத்து

(டெக்சாஸ், கேட்டி. சனிக்கிழமை காலை. ஹூஸ்டனில் கணினி வேலை பார்க்கும் செந்தில் சீலிப் பக்கம் 12 ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறார். நிலத்துக்கு விவசாய வரிச் சலுகை வேண்டும் என்பதற்காக அங்கே ஆறு ஆடுகள் மேய்கின்றன. எதற்காக மேய்கிறோம் என்பது ஆடுகளுக்குத் தெரியாது.)

செந்தில்: மாலு, முடிவு பண்ணிவிட்டேன். கூஸ்நெக் ட்ரெய்லர்தான்.

மாலதி: எது, அந்த வாத்துக் கழுத்தா?

செந்தில்: ஆமாம். சாதாரண ட்ரெய்லரெல்லாம் பம்பருக்குக் கீழே மாட்டும். இது கழுத்தை வளைத்து நம் பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள்ளேயே வந்து, பின் ஆக்சிலுக்கு, அதாவது பின்சக்கர அச்சுக்கு, மேலே உட்காரும். வேகமாகப் போனாலும் அவ்வளவாக வாலாட்டாது.

மாலதி: வாலாட்டாத ஒன்று இந்த வீட்டுக்கு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். என்ன நீளம்?

செந்தில்: 30 அடி. அதில் கடைசி 5 அடி டவ்டெயில். சரிந்து இறங்கும். ட்ராக்டர் ஏறும்போது அடிவயிறு தட்டாது.

மாலதி: டவ்டெயில் என்றால் புறா வாலா?

செந்தில்: ம்.

மாலதி: வாத்துக் கழுத்து, புறா வால். ஆறு ஆட்டுக்கு இத்தனை பறவை எதற்குங்க?

செந்தில் (காதில் விழாதது போல): தரைக்குப் பதப்படுத்திய பைன் பலகை. ஆக்சில் இரண்டு, ஒவ்வொன்றும் 7,000 பவுண்டு, இரண்டிலும் எலக்ட்ரிக் பிரேக். வழியில் கழன்றுவிட்டால் தானாகவே பிரேக் பிடிக்கத் தனி பேட்டரி. முன்னால் இரண்டு ஜாக். அப்புறம், கழுத்துக்குள்ளே பூட்டுப் போட்ட டூல் பாக்ஸ்.

(டூல் பாக்ஸ் என்னும்போது குரல் குழைகிறது.)

மாலதி: பக்கத்துத் தடுப்பு?

செந்தில்: என்ன தடுப்பு?

மாலதி: ஆடு ஏறி நிற்குமே. ஐ-10 நெடுஞ்சாலையில் குதித்து ஓடினால் நீங்கள் பிடிப்பீர்களா?

செந்தில்: ஆடு வருஷத்துக்கு ஒரு தடவைதானே. முக்கியமாக ட்ராக்டருக்கு.

மாலதி: ட்ராக்டர் என்ன கனம்?

செந்தில்: முன்வாளி, புல்வெட்டி எல்லாம் சேர்த்து 4,000 பவுண்டு.

மாலதி: ட்ரெய்லர்?

செந்தில்: வெறுமனே 6,000. சரக்கோடு மொத்தம் 14,000 வரை போகலாம். டீலர் 24,000 பவுண்டு ஒன்று காட்டினார், மாலு. இரட்டை இரட்டையாக டயர்...

மாலதி: அதை ஓட்ட உங்க லைசென்ஸ் போதுமா?

செந்தில் (இருமி): வண்டியும் அந்த ட்ரெய்லரும் சேர்ந்து 26,001 பவுண்டு வந்தால் கிளாஸ் ஏ லைசென்ஸ் வாங்க வேண்டும். அதனால்தான் அடக்கமாக 14,000.

மாலதி: சரி, கராஜுக்கு வாங்க.

(பிக்கப்பின் டிரைவர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை முந்தானையால் துடைக்கிறாள். வண்டி வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த தூசி.)

மாலதி: படியுங்க.

செந்தில்: ஆட்களும் சரக்கும் சேர்ந்து 1,650 பவுண்டைத் தாண்டக் கூடாது. அது ஏற்றுவதற்கு, மாலு. நான் இழுக்கத்தானே போகிறேன்? இழுப்பதற்கு 11,000.

மாலதி: கழுத்து எங்கே வந்து உட்காரும் என்றீர்கள்?

செந்தில்: தொட்டியில்.

மாலதி: தொட்டியில் உட்கார்ந்தால் அது சரக்கா, இல்லையா?

(செந்தில் டயரைப் பார்க்கிறார்.)

மாலதி: கழுத்து வழியாக எவ்வளவு பாரம் இறங்கும்?

செந்தில்: மொத்தத்தில் 20, 25 சதவீதம்.

மாலதி: 20-ஏ வைத்துக்கொள்வோம். 6,000, அதன் மேல் ட்ராக்டர் 4,000.

செந்தில்: 2,000.

மாலதி: ஸ்டிக்கரில்?

செந்தில்: 1,650.

மாலதி: அதில் நீங்களும் சேர்த்தி. காலையில் உள்ளே போன ஆறு இட்லியும் சேர்த்தி.

செந்தில்: ஐந்து.

மாலதி (டேப்பை நீட்டி): தொட்டி ஐந்தரை அடிதான். ஒடித்துத் திருப்பினால் உங்க வாத்து பின் கண்ணாடியைக் கொத்தும். பேசாமல் பம்பருக்குக் கீழே மாட்டுகிற 7,000 பவுண்டு ட்ரெய்லரைப் பாருங்க. அது 2,000, ட்ராக்டர் 4,000. 15 சதவீதம் போட்டாலும் கொக்கியில் 900தான் விழும்.

செந்தில்: உனக்கு எப்படி இதெல்லாம்...

மாலதி: ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் யூடியூப் பார்க்கும்போது நான் தூங்குகிறேன் என்றா நினைத்தீர்கள்? மூன்று வாரமாக அந்த ஆள் என் காதில்தான் பாடம் நடத்துகிறார்.

செந்தில் (வெகுநேரம் கழித்து): அதில் டூல் பாக்ஸ் வைத்துத் தருவார்களா?

மாலதி: கேட்டுப் பாருங்க. ஸ்பானர் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்க.