ரப்பர் விளையுற மாவட்டத்துல ஒரு முழம் ரப்பர் இல்ல

ஹோஸ் வந்தாச்சு மக்கா. 18 நாள் தவமிருந்து வாங்கின ரேடியேட்டர் மேல் ஹோஸ், அதான் எஞ்சின்லருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணி போற ரப்பர் குழாய், இன்னைக்குக் காலையில வந்தாச்சு. என் வண்டியில மாட்ட முடியாதுங்கிறதத் தவிர அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்ல கருப்பு. நல்ல பளபளப்பு. ராத்திரி வாசல்ல போட்டா திருடன் பாம்புன்னு நெனச்சு ஓடிருவான்.

வண்டி என்ன மாடல்னு கேக்காதீங்க. சொன்னா "அதெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா"ன்னு நாலு பேரு கிளம்பி வருவீங்க, எனக்கு இப்பம் அதுக்கும் சேத்துச் சண்டை போடத் தெம்பு இல்ல. ரெண்டே கதவு. பின்சீட்டுல பூனை உக்காரலாம், அதுவும் காலை மடக்கி. டிஎன் 74, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பதிவு. 15 வருசம் முடிஞ்சு, எஃப்சி காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் 5 வருசத்துக்கு ஆயுசு வாங்கி வெச்சிருக்கேன். போதுமா?

ஆயுத பூஜை லீவுக்கு நானும் மச்சானும் போறதா திட்டம். வால்பாறையில 40, கொல்லிமலையில 70, ஆக 110 கொண்டை ஊசி வளைவு. போய்ட்டு வர ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. அதுக்காக ஒரு மாசமா வண்டியத் தயார் பண்ணுகேன். டைமிங் பெல்ட் மாத்தியாச்சு. அது வழியில அறுந்தா வால்வும் பிஸ்டனும் கட்டிப்பிடிச்சுக்கிடும், அதோட கதை முடிஞ்சுது. வாட்டர் பம்ப் மாத்தியாச்சு. பிரேக் ஆயில் மாத்தியாச்சு. அது காத்துல உள்ள ஈரத்த இழுத்து வெச்சுக்கிடும். மலையிறக்கத்துல பிரேக் சூடாகும்போது அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகி, நம்ம மிதிக்கிற மிதி எங்கயோ போயிரும். டயரு? "பட்டன் அப்படியே இருக்குல்லா, என்னத்துக்கு மாத்துகீங்க"ன்னு டயர் கடைக்காரர் கேட்டார். பட்டன்னா டயர் மேல ரோட்டப் பிடிக்கிற அந்த மேடு பள்ளம். பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தா 2314. அதாவது 2014-ஆம் வருசம் 23-ஆவது வாரம் பெத்த பிள்ளை. பட்டன் இருக்கத்தான் செய்யும், ஓட்டினாத்தானே தேயும்! மாத்தியாச்சு. காசு போச்சு. அதப் பத்தி ஒரு வார்த்த பேசல நான்.

எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மெக்கானிக் அண்ணன் மேல் ஹோஸ ரெண்டு விரலால அமுக்கிப் பாத்தார். நொறுக்குன்னு ஒரு சத்தம். முறுக்கு கடிச்ச மாதிரி. கிளாம்ப் ஓரத்துல கூலண்ட், அதான் எஞ்சினக் குளிர வைக்கிற தண்ணி, காஞ்சு உப்புப் பூத்து நிக்குது. "இது வால்பாறை வராது தம்பி. ஆரல்வாய்மொழி வரைக்கும் வரும்"னார். அவ்வளவுதான். மாவட்டத்தத் தாண்டாம அங்க உள்ள காத்தாலையப் பாத்துட்டுத் திரும்பி வந்துரலாம்.

வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம்னு ஏறாத ஸ்பேர் பார்ட்ஸ் கடை இல்ல. பழைய ஹோஸக் கையில பிடிச்சுக்கிட்டு வீடு வீடாக் கைக்குழந்தையக் காட்டுற மாதிரி காட்டினேன். "இது மாதிரி வராது", "இதுக்கு ஆர்டர் போடணும்", "அந்த வண்டி இன்னும் ஓடுதா?" மூணாவது ஆள மறக்கவே மாட்டேன்.

இதுல எரிச்சல் எதுன்னா, அண்ணன் பட்டறை இருக்கது குலசேகரம் பக்கம். சுத்தி எங்க பாத்தாலும் ரப்பர். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டிப் பால் வடியுது. பக்கத்து வீட்டுக் கொடியில ரப்பர் ஷீட்டு துவைச்ச வேட்டி மாதிரி வரிசையாத் தொங்குது. ஒட்டுப்பால் நாத்தம் பட்டறைக்குள்ளயே வருது. அரசு ரப்பர் கழகமே நாரோயில்ல 1984-லருந்து இருக்கு. இந்த மண்ணுல நின்னுக்கிட்டு ஒரு முழம் ரப்பர் குழாய்க்கு நான் வெளியூருக்குப் போன் போட்டுக் கெஞ்சுகேன்! இத அண்ணன்கிட்டச் சொன்னா அவர் எனக்கு வகுப்பு எடுக்கார்: "மரத்து ரப்பர் இந்தச் சூட்டுக்குத் தாங்காது தம்பி, இது இபிடிஎம், செயற்கை ரப்பர், உள்ள நூல் பின்னி வெச்சிருக்கும்." சரி அண்ணே. அறிவு வளந்துட்டு. ஹோஸ் எங்க?

இன்னைக்கு நடந்ததக் கேளுங்க. 10:40-க்குப் பார்சல்காரத் தம்பி போன். "எங்க இருக்கீங்க?" மாவு மில்லுக்கு எதுத்தாப்ல. "எந்த மாவு மில்லு?" ஒரே மாவு மில்லுதான் தம்பி. "மில்லு பூட்டிக் கிடக்கே." மில்லுக்கு எதுத்தாப்ல வா தம்பி, மில்லுக்குள்ள வராத. இப்படியே 20 நிமிசம்.

பெட்டிய உடைச்சா உள்ள ஒரு பெட்டி. அதுக்குள்ள பேப்பர். அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர். கல்யாணப் பட்டுகூட இப்படி மடிச்சு வரல. ஸ்டிக்கர்ல நம்பர் பாத்தேன். ஒவ்வொரு எழுத்தா வாசிச்சேன், அண்ணன் பழைய ஹோஸ்ல விரல் வெச்சு ஒத்துப் பாத்தார். அப்படியே அச்சு. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டோம். டீ சொல்லியாச்சு.

எஞ்சின் மேல வெச்சா, வலது பக்கம் வளைய வேண்டியது இடது பக்கம் வளையுது.

திருப்பி வெச்சோம். அப்பம் தடிச்ச வாய் ரேடியேட்டர் பக்கமும், ஒல்லி வாய் எஞ்சின் பக்கமும் வருது. கவுத்து வெச்சோம். ஃபேன்ல முட்டுது. அண்ணன் ஒண்ணும் பேசாம ஹோஸ ஒரு கையிலயும் டீ கிளாஸ ஒரு கையிலயும் வெச்சுக்கிட்டு வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தார், அந்தப் பக்கம் போனா வேற மாதிரி வளையும்போல. வளையல.

கடைக்குப் போன் போட்டேன்.

"நம்பர் சரியா இருக்கா சார்?"
"நம்பர் சரி."
"அப்ப ஹோஸும் சரிதான் சார்."
"ஹோஸ் இடது பக்கம் வளையுது."
"நீங்க எந்தப் பக்கம் நின்னு பாக்குறீங்க?"

எந்தப் பக்கம் நின்னு பாக்குறேனா? நான் என்ன கோபுர தரிசனமா பண்ணுகேன்? பானட்டுக்கு முன்னால நிக்கேன்யா! கடைசியில "டீசல் மாடல் ஹோஸ்ல பெட்ரோல் ஸ்டிக்கர் ஒட்டி வந்திருக்கும் சார், கொஞ்சம் முறுக்கிப் போட்டீங்கன்னா உக்காந்துரும்"னான். முறுக்கிப் போட்டா மடங்குற இடத்துல கூலண்ட் நிக்கும். உள்ள ஒரு பார் அழுத்தத்துல 90 டிகிரிக்கு மேல கொதிக்கக் காத்துக்கிட்டு இருக்க தண்ணி அது, தம்பி. நடு வளைவுல அது வெடிச்சா நானும் மச்சானும் வரையாட்டோட வரையாடா நிக்கணும். திருப்பி அனுப்பணும்னா பெட்டி பிரிக்கிற வீடியோ வேணுமாம். மாவு மில்லு எங்கன்னு சொல்லவே எனக்கு ரெண்டு கை பத்தல, இதுல வீடியோ.

இந்த வெப்ராளத்துக்கு நடுவுல யோசனை சொல்ல வாறவங்க வேற. சித்தப்பா ஒருத்தர்: "சைக்கிள் டியூப்பச் சுத்திக் கட்டு, கம்பி போட்டு முறுக்கு." டீ கொண்டாந்தவர்: "கூலண்ட் என்னத்துக்கு, பச்சத்தண்ணி ஊத்துங்க." வேலிக்கு அந்தப் பக்கம் ஷீட்டு காயப்போட்டுக்கிட்டு இருந்தவர்: "தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறிஞ்சா எல்லாப் பிரச்சினையும் தீந்துது." எஞ்சின் சூடாகுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கிற வால்வு அது, அதக் கழட்டினா எஞ்சின் சூடு சரியா ஏறாது, குளிருதுன்னு நெனச்சு அது பெட்ரோலக் குடிச்சுக்கிட்டே இருக்கும்னு நான் விளக்கப் போக, அவர் என்னையப் பாத்த பார்வை இருக்கே! சவம், படிச்ச பையன் இப்படி ஆயிட்டானேங்கிற பார்வை.

ரெண்டு துண்டு நேர் ஹோஸ், நடுவுல ஒரு அலுமினியக் குழாய், நாலு கிளாம்ப். நாளைக்கு இப்படிச் செஞ்சு தாறேன்னு அண்ணன் சொல்லிட்டார். தடிச்ச வாய்க்கு என்ன செய்வார்னு கேட்டேன். "அது நாளைக்கு"ன்னார். 18 நாளுக்கு முன்னால இத ஏன் சொல்லலன்னு கேக்க எனக்கு வாய் வரல, ஏன்னா அவரு முகம் வாடிப்போச்சு. பாவம், அவருதான் பார்சலுக்காக எனக்கு மேல காத்துக் கிடந்தார்.

சரி, மனுசன் ஆறட்டும்னு ரோட்டுக்குப் போய் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கிட்டு வந்தேன். கடையில அட்டையில எழுதியே தொங்கவிட்டிருந்தான்: "ஒரிஜினல் கன்னியாகுமரி மட்டி, புவிசார் குறியீடு பெற்றது." 2023-ல கிடைச்ச குறியீட்டுக்கும் சேத்துத்தான் விலை. அண்ணன் கையில உள்ள கிரீஸத் துடைச்சுட்டு ஒண்ண உரிச்சு வாயில போட்டார். மென்னார். நிறுத்தினார். தோல வெளிச்சத்துல தூக்கிப் பாத்தார், காலையில ஹோஸப் பாத்த அதே மாதிரி.

"தம்பி, இது ஞாலிப்பூவன்லா."