காதில் ஒன்றுமில்லை, வலி மட்டும் இருந்தது

அடிக்கடி வரும் காது வலி பற்றிய உங்கள் கட்டுரை காதுத் தொற்று, சைனஸ் இரண்டை மட்டும் காரணமாகச் சொல்கிறது. தாடை மூட்டை விட்டுவிட்டீர்களே! எனக்கு ஆறு மாதம் வலது காதும் கன்னமும் விட்டுவிட்டு வலித்தது. சொட்டு மருந்துதான் தீர்ந்தது. கடைசியில் பல் மருத்துவர் கண்டுபிடித்தார்: தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம், அதில் தாடை மூட்டு நோகிறதாம். (மனைவி முன்பே சொன்னாள், நான்தான் நம்பவில்லை.) தாடை மூட்டு காதுக்கு நேர் முன்னால் இருக்கிறது, பல்லுக்கும் தாடைக்கும் போகும் நரம்பின் கிளை காதுப் பக்கமும் போகிறது. கடைவாய்ப் பல் சொத்தைகூடக் காது வலியாகத் தெரியலாம். இரவில் பல் கவசம் போட்டு, முறுக்கு சீடையை ஒதுக்கிய பிறகு குறைந்தது. அப்புறம், பல் துலக்கும்போதோ முகத்தில் காற்றுப் பட்டாலோ ஷாக் அடித்தது போல் சில நொடி வலித்தால் அது முக்கிளை நரம்பு (முகத்துக்கு உணர்வு தரும் நரம்பு) வலியாக இருக்கலாம். சாதாரண வலி மாத்திரைக்கு அது பெரும்பாலும் கேட்காது, நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.