கட்டில் தடுப்புக் கம்பி பற்றி ஒரு திருத்தம்

கிருஷ்ணகிரி முதியோர் இல்லங்கள் குறித்த இந்த உரையாடலில், ‘கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பியை ஏற்றி வைத்தால் யாரும் விழமாட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு, ஆபத்தும்கூட. நினைவு தடுமாறும் முதியவர் நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கம்பியைத் தாண்ட முயல்வார்; இன்னும் உயரத்திலிருந்து விழுவார். மெத்தைக்கும் கம்பிக்கும் இடையில் கழுத்து சிக்கி இறந்தவர்களும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1995-லேயே இதை எச்சரித்தது.

கட்டிலைத் தாழ்த்துங்கள். கழிவறை வரை விளக்கு எரியட்டும். அழைப்பு மணி கைக்கு எட்டட்டும். ஓசூர்ப் பக்கத்து மார்கழிக் குளிருக்குப் போர்த்தும் கம்பளி தரையில் புரண்டால் அதுவே காலை வாரிவிடும். பக்கவாதம் வந்தவர் புரண்டு படுக்க ஒருபக்கக் கம்பி உதவலாம். அதை அவரவர் நிலையைப் பார்த்து மருத்துவரோ செவிலியரோ முடிவு செய்யட்டும்.