அதிபர் தேர்தலில் தோற்றால் மட்டும் போதுமா?

1850களில் அமெரிக்காவில் குடியேறிகளுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் எதிராகத் தலையெடுத்த 'நோ நத்திங்' இயக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் 1856 அதிபர் தேர்தலோடு கதையை முடித்துவிடுகிறார்கள். முன்னாள் அதிபர் மில்லார்ட் ஃபில்மோரை நிறுத்தினார்கள், மேரிலாந்தில் மட்டும் வென்றார்கள், கட்சி கலைந்துபோனது. இந்த வாசிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இயக்கம் செய்த கேடெல்லாம் மாநிலச் சட்டமன்றங்களிலும் நகராட்சிகளிலும்தான் நடந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் கத்தோலிக்கர்கள் பாஸ்டனில் குவிந்துகொண்டிருந்த நேரம். 1854 தேர்தலில் ஆளுநர் பதவி, மேலவையின் அத்தனை இடங்கள், கீழவையில் ஏறக்குறைய எல்லாமே இவர்கள் கைக்குப் போயின. போனதும் ஐரிஷ்காரர்களின் மிலிஷியா (குடிமக்கள் படை) பிரிவுகளைக் கலைத்தார்கள். அரசு ஆதரவில் இருந்த ஐரிஷ் ஏழைகளைக் கப்பலேற்றி லிவர்பூலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிகளைச் சோதனையிடக் குழு போட்டார்கள்.

பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை 1855இல் தடைசெய்ததும் இதே சட்டமன்றம்தான். தப்பி வந்த அடிமைகளைப் பாதுகாக்கவும் சட்டம் இயற்றியது. இதைக் காட்டி இவர்களைச் சீர்திருத்தவாதிகள் என்கிறவர்கள் உண்டு. கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது மகத்தான காரியம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. அதற்காக, ஐரிஷ் தொழிலாளிக்கு இழைத்த அநீதியைக் கணக்கிலிருந்து கழித்துவிட முடியுமா?

சிகாகோவில் இன்னொரு வழி. 1855இல் இந்த இயக்கத்தின் ஆதரவோடு மேயரான லீவை பூன், மதுக்கடை உரிமக் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 டாலராக உயர்த்தினார். ஞாயிறு மூடல் சட்டத்தையும் தூசுதட்டி எடுத்தார். அடி விழுந்தது ஜெர்மானியர்களின் பீர் கடைகளுக்கு. ஏப்ரலில் கலவரமே வெடித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தேர்தல் நாளன்று ஐரிஷ், ஜெர்மானியர் குடியிருப்புகளுக்கு இயக்கத்தின் ஆதரவாளர்கள் தீ வைத்தார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள்.

கலவரத்தையாவது எல்லோரும் கண்டிப்பார்கள். எனக்கு அதைவிடப் பயங்கரமாகத் தெரிவது 1857இல் மாசசூசெட்ஸ் அரசியல் சட்டத்தில் சேர்த்த திருத்தம். வாக்களிக்க வேண்டுமானால் அந்த அரசியல் சட்டத்தை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும், பெயரை எழுதத் தெரிய வேண்டும். ஏற்கெனவே வாக்குரிமை உள்ளவர்களுக்கு விலக்கு! யாரைக் குறிவைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா? 1859இல், ரிபப்ளிக்கன் ஆட்சியில், குடியுரிமை பெற்றவர்கள் வாக்களிக்க மேலும் 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றார்கள். அதை 1863இல் நீக்கினார்கள். எழுத்தறிவு நிபந்தனையோ கட்சி செத்த பிறகும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்தது. 1890இல் மிசிசிப்பி மாநிலம் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்க எடுத்த ஆயுதங்களில் அதுவும் ஒன்று.