புதியவரின் விசைப்பலகையை அவரிடமே விட்டுவிடுங்கள்

மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்க வரும் புதியவருக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவருடைய முதல் திருத்தத்தைப் பெரும்பாலும் நாமே செய்து முடித்துவிடுகிறோம். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. அதை உதவி என்று சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, சில வாரங்களாக மாலை வேளைகளில் உவர்மலையிலிருந்து மடிக்கணினியுடன் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறாள். பைதன் நிரல்மொழி ஓரளவு தெரியும், நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி தெரியாது. கைப்பேசி டேட்டாவில் வேலை செய்பவள் என்பதால், அவள் பங்களிக்க எடுத்துக்கொண்ட திட்டத்தின் முழு மாற்ற வரலாற்றையும் இறக்காமல் கடைசி நிலையை மட்டும் எடுக்கும் கிட்டின் 'டெப்த் 1' தெரிவை முதலில் காட்டினேன். பிறகு நிறுவல் வழிகாட்டியைப் படித்து அதன்படியே செய்யச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் தடுக்கி நின்றாள். திட்டத்துக்கு வேண்டிய பைதன் தொகுப்புகளைத் தனியே வைக்கும் மெய்நிகர் சூழலை உருவாக்கச் சொன்ன வழிகாட்டி, அதை இயக்கச் சொல்ல மறந்திருந்தது. அதே பக்கத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விடுபட்ட கட்டளையை என் விரல்கள் தாமாகவே தட்டிவிடுவதால் அந்தக் குறை என் கண்ணில் பட்டதே இல்லை. அவளுடைய முதல் பங்களிப்பு அந்த ஒற்றை வரிதான். ஆவணத் திருத்தத்தைச் சிறுபிள்ளை வேலை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்த வழுவையும் அவளே கண்டாள். அந்த மென்பொருளின் தேடலில், கைப்பேசியில் தட்டச்சிட்டால் கிடைத்த ஊர்ப்பெயர், ஒரு பழைய ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது கிடைக்கவில்லை. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் முறையான யுனிகோடில் 'கோ' என்பதைக் ககரத்துடன் ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தைச் செய்யாத நிரலுக்கோ அவை வெவ்வேறு சொற்கள். பைதனில் இதைத் தீர்க்க ஒரு வரி போதும், அந்த வரி எனக்குத் தெரியும். அவள் அதைக் கண்டுபிடிக்க மூன்று மாலைகள் எடுத்தாள். நான் எழுந்து தேநீர் போட்டு வந்துதான் என் கையைக் காப்பாற்றினேன்!

உண்மையில் நான் தேவைப்பட்டது அதற்குப் பிறகுதான். திருத்தத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்கும் இணைப்புக் கோரிக்கையை அவள் அனுப்பிய மறுநாள், "சோதனை இல்லாமல் இதைச் சேர்க்க முடியாது" என்று, திருத்தம் சரியாக வேலைசெய்வதைத் தானாகச் சரிபார்க்கும் சிறு நிரலைக் கேட்டுத் திட்டத்தின் பராமரிப்பாளர் எழுதியிருந்தார். அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்ட அவள், "பிழை விட்டிட்டேன் போல, அண்ணா" என்று மடிக்கணினியை மூடிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருவர் நேரம் ஒதுக்கி வாசித்திருக்கிறார் என்பதற்கே அந்த வரி சான்று என்று எடுத்துச் சொல்ல, அந்த உலகத்தின் பேச்சுநடை பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. நான் முதன்முதலாக அனுப்பிய திருத்தம், பெரியதொரு திட்டத்தில் ஏழு மாதம் பதிலே இல்லாமல் கிடந்தது. அதன் பிறகு அந்தப் பக்கமே நான் போகவில்லை. தாமதமான பதிலைவிடக் கடுமையான பதில் மேல் என்றுகூடச் சொல்வேன்.

இதற்குச் சம்பளம் உண்டா என்று அவளுடைய தந்தை கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். 2004 டிசெம்பர் 26இல் கடல் நம் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போன பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய 'சஹானா'வும் இத்தகைய திறந்த மூல மென்பொருள்தான் என்றும், 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது என்றும் சொன்னேன். அவர் மறுத்து எதுவும் பேசவில்லை; மகளை அழைத்துப்போக மட்டும் தினமும் எட்டு மணிக்கு வந்துவிடுகிறார்.

சோதனையையும் அவளே எழுதினாள். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்க்க ஒரு சொல் வேண்டியிருந்ததால், அவள் எடுத்துக்கொண்ட சொல் 'திருகோணமலை'. கோரிக்கை சென்ற வாரம் ஏற்கப்பட்டது. இனி அந்த நிரலில் யார் எதை மாற்றினாலும், சோதனைகள் ஓடும்போதெல்லாம் நம் ஊர்ப்பெயரும் ஒருமுறை தேடப்படும்.